அத்தையின் டிரங்குப் பெட்டியும் பி.டி.எஃப். கோப்புகளும்

வீட்டில் பெரியவர் ஒருவர் காலமானால், பதினாறாம் நாள் காரியத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பிறகுதான் காகித வேலை ஆரம்பிக்கிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, பட்டா மாற்றம் என்று வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்ப அதே பத்துக் காகிதங்கள் வேண்டும். முன்பெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து, ஓர் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும். இப்போது எங்கே பார்த்தாலும் ஒரே வாசகம்: ‘ஆவணங்களை பி.டி.எஃப். வடிவில் பதிவேற்றவும்.’

என் மாமனார் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பண்ருட்டியில் எங்களோடுதான் இருந்தார். காடாம்புலியூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பலாவும் முந்திரியும் வைத்திருந்தார். 2011 டிசம்பர் 30-ம் தேதி அடித்த தானே புயலில் பாதி மரங்கள் வேரோடு சாய்ந்தன. வீட்டு ஓடுகளும் பறந்து, அத்தையின் டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நிலப் பத்திரத்தை அடுப்பு மேட்டில் காயவைத்து எடுத்த கதையை அத்தை இன்றும் சொல்வார். அன்றிலிருந்து ஒவ்வொரு காகிதத்தையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டுத்தான் வைப்பார். அவ்வளவு கவனமாகக் காத்த காகிதங்களை, மாமனார் தவறிய பிறகு நாங்கள் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது.

முதல் இரண்டு மாதம் எல்லாமே பிரவுசிங் சென்டரில்தான் நடந்தது. ஸ்கேன் செய்ய ஒரு காசு, ஒன்றாகச் சேர்க்க ஒரு காசு, ‘சைஸ் ஜாஸ்தியா இருக்குக்கா, குறைக்கணும்’ என்று அதற்கொரு காசு. மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டு மாதத்தில் 1,800 ரூபாயைத் தாண்டிவிட்டது.

காசைக்கூட விட்டுவிடலாம். ஒருநாள் ப்ளஸ் டூ படிக்கும் என் மகளைக் கூட அழைத்துப் போயிருந்தேன். அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் திரையைப் பார்த்துவிட்டு அவள் என் காதில், “அம்மா, தாத்தாவோட டெத் சர்டிபிகேட் அங்க இருக்கு பாரு” என்றாள். நாங்கள் அதைக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதைச் சுற்றி யார் யாருடையதோ ஆதார், பான் கார்டு, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். அடுத்து வந்து உட்காரும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கடைக்காரர் கெட்டவர் இல்லை. கூட்டத்தில் அழிக்க நேரமில்லை, அவ்வளவுதான். ஆனால் அத்தை கவர் போட்டுக் காத்ததெல்லாம் இப்படித் திறந்த வெளியில் கிடப்பதைப் பார்த்ததும், இனி இந்த வேலையை வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தோம்.

சந்தாவா, திருட்டுப் பிரதியா?

வீட்டில் இருந்தது கொழுந்தனார் மகளுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்தது. அது திறந்து தயாராவதற்குள் ஒரு டம்ளர் டீ குடித்துவிடலாம். ஆனாலும் ஓடும்.

பி.டி.எஃப். திருத்தும் மென்பொருள் என்று தேடினால் முதலில் வருபவை எல்லாம் மாதச் சந்தா கேட்பவை. ‘இலவசம்’ என்று போட்டிருக்கும். வேலையெல்லாம் முடித்து, சேமிக்கப் போகும் நேரத்தில்தான் பணம் கட்டச் சொல்லும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் தன் பெயரைப் பெரிதாக அச்சடித்துக் கொடுக்கும். “வருஷத்துக்கு நாலு தடவை தேவைப்படுறதுக்கு மாசா மாசம் சந்தாவா?” என்றார் என் கணவர். நியாயமான கேள்விதான்.

தெரிந்த பையன் ஒருவன், “பெரிய சாப்ட்வேரோட ஃபுல் வெர்ஷன் கிராக் பண்ணது இருக்கு, இருநூறு ரூபா குடுங்க, போட்டுத் தர்றேன்” என்றான். பூட்டை உடைத்து எடுத்த மென்பொருளுக்குள் இன்னும் என்னென்ன நுழைத்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. வங்கிக் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரில் அதைப் போடுவது, வீட்டுச் சாவியின் நகலை வழிப்போக்கரிடம் கொடுப்பது மாதிரி. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

பிறகுதான் காசும் கொடுக்காமல், திருட்டுப் பிரதியும் போடாமல் செய்ய வழி இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குக் காரணம் பி.டி.எஃப்.பின் வரலாறு. அடோபி நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் வார்னாக், எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும், எந்த பிரின்டரில் அச்சிட்டாலும் ஒரே மாதிரி தெரியும் ஓர் ஆவண வடிவம் வேண்டும் என்று 1991-ல் திட்டமிட்டார். 1993-ல் அது பி.டி.எஃப். என்ற பெயரில் வெளிவந்தது. பதினைந்து வருஷம் அந்த நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. 2008-ல் அதைப் பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதாவது, பி.டி.எஃப். கோப்பைத் திறக்கவும் எழுதவும் யார் வேண்டுமானாலும் மென்பொருள் செய்யலாம். அப்படிச் செய்து இலவசமாகக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நமக்குத் தேவை ஐந்தே வேலை

‘எடிட்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுத் தேடினால் விலை உயர்ந்த மென்பொருள்தான் வரும். எனவே நானும் மகளும் உட்கார்ந்து, இரண்டு மாதத்தில் கடையில் என்னென்ன வேலைக்குக் காசு கொடுத்தோம் என்று நோட்டைப் பார்த்துப் பிரித்தோம். ஐந்தே வேலைதான்: ஸ்கேன் எடுப்பது, சைஸ் குறைப்பது, பல கோப்புகளை ஒன்றாக்குவது, வேண்டாத பக்கத்தை எடுப்பது, படிவத்தை நிரப்புவது.

ஸ்கேன் எடுக்கப் போனே போதும். முன்பு பலரும் பயன்படுத்திய கேம்ஸ்கேனர், 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. அது போனதும் என்ன செய்வது என்று முழித்தவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் உள்ள கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. ஐபோனில் நோட்ஸ் செயலியில் இருக்கிறது. பக்கத்தின் ஓரங்களை அதுவே வெட்டி, நேராக்கி, பி.டி.எஃப். ஆகவே கொடுக்கும். ஒரு சூட்சுமம்: ஆறு காகிதம் ஒரே கோப்பாக வேண்டும் என்றால், ஒரே மூச்சில் ஆறு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். பிறகு சேர்க்கும் வேலையே இல்லை. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், உங்கள் நிழல் விழாமல் எடுத்தால் கடை ஸ்கேனுக்குக் குறையாது.

சைஸ்தான் எல்லோரையும் படுத்தும் விஷயம். எங்களுக்கு வந்த ஒரு படிவத்தில் 200 கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் கோப்போ 4 எம்.பி.! ஏன் இவ்வளவு கனம் என்றால், போன் எடுப்பது கலர் போட்டோ. காகிதத்தின் மடிப்பையும் கறையையும்கூட லட்சக்கணக்கான புள்ளிகளாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எனவே ஸ்கேன் எடுக்கும்போதே கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிக்கு லிப்ரே ஆபீஸ். 2010-லிருந்து உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இலவச மென்பொருள் இது. இதில் ‘டிரா’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் பி.டி.எஃப்.பைத் திறந்து, திரும்ப பி.டி.எஃப். ஆக ஏற்றுமதி செய்யும்போது படத்தின் தரம், ரெசல்யூஷன் என்று இரண்டு எண்கள் கேட்கும். தரத்தை 90-லிருந்து 50-க்கும், ரெசல்யூஷனை 300-லிருந்து 150-க்கும் குறைத்தோம். எழுத்து தெளிவாகவே இருந்தது, கோப்பு மட்டும் இளைத்துவிட்டது. அதற்கும் அடங்காவிட்டால் எண்களை இன்னும் கொஞ்சம் இறக்கலாம். அனுப்பும் முன் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்து, சர்வே எண் படிக்க முடிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

தனித்தனியாக இருக்கும் கோப்புகளை ஒன்றாக்க ‘பி.டி.எஃப்.சாம் பேசிக்’ வைத்திருக்கிறோம். இணைப்பது, பிரிப்பது, பக்கத்தைத் திருப்புவது எல்லாம் செய்யும். இன்டர்நெட் இல்லாமலே ஓடும். அதே நிறுவனம் காசுக்கு விற்கும் பதிப்புகளும் உண்டு. ‘பேசிக்’ என்று போட்டிருப்பதுதான் இலவசம்.

வேண்டாத பக்கத்தை எடுக்க ஒன்றுமே நிறுவ வேண்டாம். குரோம் பிரவுசரில் கோப்பைத் திறந்து பிரின்ட் கொடுங்கள். பிரின்டர் இருக்கும் இடத்தில் ‘பி.டி.எஃப். ஆகச் சேமி’ என்று தேர்ந்தெடுத்து, வேண்டிய பக்க எண்களை மட்டும் குறிப்பிடுங்கள். 12 பக்க வங்கிக் கணக்கு விவரத்தில் 2 பக்கம் மட்டும் கேட்டபோது இப்படித்தான் எடுத்தோம். பாஸ்வேர்டு போட்டுத் திறக்கும் நம் சொந்தக் கோப்பையும் இதே வழியில் பூட்டில்லாமல் சேமிக்கலாம். பல இணையதளங்கள் பூட்டிய கோப்பை ஏற்பதில்லை என்பதால் இது ரொம்ப உதவும்.

ஆங்கிலப் படிவத்தை நிரப்ப, ஃபயர்பாக்ஸ் பிரவுசர் போதும். 2022-லிருந்தே பி.டி.எஃப். மேல் எழுதும் வசதியைக் கொடுத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் எட்ஜிலும் இருக்கிறது. அச்சடித்து, கையால் எழுதி, மறுபடி ஸ்கேன் எடுக்கும் மூன்று வேலை மிச்சம்.

ஐந்து வேலையும் முடிந்தது. மொத்தச் செலவு, டவுன்லோடு செய்ய ஆன டேட்டா மட்டும்தான்.

தமிழுக்கு மட்டும் தனி வழி

தமிழ் பி.டி.எஃப்.பைத் திருத்தப் போனவர்களுக்கு ஒரு தலைவலி தெரிந்திருக்கும். திறந்ததும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிக் கிடக்கும். நாம் ‘கொ’ என்று ஒரே எழுத்தாகப் படிக்கிறோம். பி.டி.எஃப்.போ அதை எழுத்தாகப் பார்ப்பதில்லை. இந்த இடத்தில் ஒரு கொம்பு, அடுத்து ஒரு ‘க’, அதற்கடுத்து ஒரு கால் என்று மூன்று படமாக வரைந்து வைத்திருக்கும். பார்க்க ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகவே பிறந்த வடிவம் ஆயிற்றே! திருத்தும் மென்பொருள் அந்தத் துண்டுகளை மறுபடி எழுத்தாகக் கோக்கத் தடுமாறுகிறது.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு என்றால் இன்னும் மோசம். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எழுத்துரு மாற்றும் கருவியில் போட்டால் தமிழாகிவிடும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் இன்றும் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நாங்கள் கண்ட சுலபமான வழி, தமிழ் பி.டி.எஃப்.போடு மல்லுக்கட்டாமல் இருப்பது. நாமே எழுதும் மனுவாக இருந்தால், லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் யூனிகோடில் அடித்து, அந்தக் கோப்பையும் வைத்துக்கொண்டு, பி.டி.எஃப். ஒன்று எடுத்துக்கொள்வோம். மாற்றம் வேண்டுமென்றால் மூலக் கோப்பில் செய்து மறுபடி ஒரு பி.டி.எஃப். அச்சடித்த தமிழ்ப் பக்கம் மட்டும் கையில் இருந்தால், ஸ்கேன் எடுத்து கூகுள் டிரைவில் போட்டு கூகுள் டாக்ஸில் திறந்தால், படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தது போலக் கொடுக்கும். கொஞ்சம் பிழை இருக்கும், திருத்திக்கொள்ளலாம். நாலு பக்கத்தை நாமே அடிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

முடியும், ஆனால் செய்யக் கூடாது

எல்லாம் பழகிய பிறகு ஒரு சோதனை வந்தது. வாரிசு சான்றிதழைத் தரவிறக்கிப் பார்த்தால், ஆங்கிலத்தில் அத்தையின் பெயரில் ஓர் எழுத்து ஆதாரில் இருப்பது போல இல்லை. பட்டா மாற்ற மனுவை அந்த வாரம் கொடுத்துவிடலாம் என்று இருந்தோம். கொழுந்தனாரும் நாத்தனாரும் லீவு போட்டு வருவதாக வேறு சொல்லியிருந்தார்கள்.

மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, “அம்மா, இது இங்கிலீஷ்தானே. டிராவில தொறந்தா ரெண்டே நிமிஷம். ஒரு எழுத்துதான்” என்றாள். அவருக்கும் எனக்கும் உடனே பதில் வரவில்லை. பொய்யான பெயரையா எழுதப் போகிறோம்? சரியான பெயரைத்தானே?

திண்ணையில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்த அத்தைதான் சொன்னார்: “உங்க மாமா சர்வீஸ்ல ஒரு நாள் கள்ள லீவு போட்டதில்ல. அவரு பேருல ஒரு கள்ளக் காகிதம் எதுக்கும்மா? குடுத்தவங்களே மாத்திக் குடுக்கட்டும்.”

அத்தை சொன்னதுதான் சட்டமும். மின் ஆவணத்தைத் திருத்தி உண்மையானதுபோலக் கொடுப்பதும் போலி ஆவணம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-வது பிரிவு அதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. தவிர, இப்போதைய சான்றிதழ்களில் க்யூ.ஆர். கோடு இருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் அரசின் பதிவில் உள்ள பெயர்தான் வரும். காகிதத்தில் ஒன்று, பதிவில் ஒன்று என்று இருந்தால் அப்புறம் உண்மையைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள். திருத்த மனு கொடுத்தோம். மூன்று வாரம் ஆனது. சரியான பெயரோடு சான்றிதழ் வந்த பிறகுதான் பட்டாவுக்குப் போனோம். இன்று பட்டாவில் அத்தை பெயரும், பிள்ளைகள் மூவரின் பெயரும் இருக்கின்றன.

இதிலேயே இன்னொரு விஷயமும் கற்றோம். டிஜிட்டல் கையெழுத்துள்ள கோப்பை நாம் சைஸ் குறைத்தாலோ, பிரின்ட் வழியாகச் சேமித்தாலோ அந்தக் கையெழுத்து போய்விடும். ஆகவே தரவிறக்கிய மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு ஃபோல்டரில் பத்திரப்படுத்திவிட்டு, நகலில்தான் எல்லா வேலையும் செய்வோம். டிஜிலாக்கரில் கிடைக்கும் சான்றிதழ் என்றால் இந்தக் கவலையும் இல்லை. அதை மூல ஆவணத்துக்குச் சமமாகவே ஏற்க வேண்டும் என்று சட்ட விதி இருக்கிறது.

ஆன்லைனில் செய்தால் என்ன?

‘இதற்கெல்லாம் மென்பொருள் எதற்கு, இணையதளத்தில் போட்டால் ஒரு நொடியில் முடியுமே’ என்று நீங்கள் கேட்கலாம். முடியும். பேர் பெற்ற தளங்கள் சில மணி நேரத்தில் கோப்பை அழித்துவிடுவதாகவும் சொல்கின்றன. கோயில் விழா நோட்டீஸ், பள்ளி புராஜெக்ட் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் பதிவேற்றிய கணமே அந்தக் காகிதம் எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குப் போய்விடுகிறது. இலவசக் கோப்பு மாற்றும் தளங்கள் என்ற பெயரில் வைரஸ் பரப்புகிறார்கள், கோப்பில் உள்ள விவரங்களைத் திருடுகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது. பண்ருட்டிக் கடையின் திரையில் ஆதார் கிடப்பதைப் பார்த்துப் பதறிய நாங்கள், முகம் தெரியாத தளத்துக்கு அதை எப்படி அனுப்புவோம்? ஆதார், பான், பத்திரம், மருத்துவ ரிப்போர்ட் எல்லாம் வீட்டு மடிக்கணினியில்தான்.

கடைக்குத்தான் போக வேண்டிய நிலை என்றால், ஒன்று மட்டும் செய்யுங்கள். வேலை முடிந்ததும் எழுந்துவிடாமல், கோப்பை அழிக்கச் சொல்லி, குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லி, அது முடியும்வரை நின்று பாருங்கள். வாட்ஸ்அப் வெப், மெயில் திறந்திருந்தால் லாக் அவுட் செய்யுங்கள். எந்தக் கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது தெருவில் யாருக்காவது ஸ்காலர்ஷிப் படிவம், முதியோர் ஓய்வூதிய மனு என்றால் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மகள்தான் செய்து கொடுக்கிறாள். செய்து முடித்ததும் அவர்கள் கண்ணெதிரிலேயே கோப்பை அழித்துவிட வேண்டும் என்பது அத்தையின் கட்டளை. காசு வாங்குவதில்லை. பலா சீசனில் ஒரு பழம் வந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்வதில்லை.